சி ஷார்ப்பில் ஒரு வாரம்

பொட்டி தட்டிப் பிழைக்கும் நம்ம மக்களிடம் "சி ஷார்ப்" என்று சொன்னால் மைக்ரோசாஃப்ட், டாட் நெட், ப்ராஜெக்ட் டெட்லைன் என்று வரிசையாக ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. போன கோடையிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டால் பைன் மர வாசனையும் வயலின் சத்தமும் கெண்டைக்கால் வலியும்தான் வருது.

மாசசூசெட்ஸில் பிளிமத் பக்கம், லாங் பாண்ட், ரவுண்ட் பாண்ட் என்று இரண்டு நீர்நிலைகளுக்கு நடுவே ஒரு பைன் காடு. அதற்குள்ளே பைன்வுட்ஸ் முகாம். (பாண்ட் என்றதும் குட்டை என்று நினைக்காதீங்க. லாங் பாண்ட் நம்ம ஊர் ஏரி சைஸ்.) சின்னச் சின்ன மரக் குடில்கள், நாலு பக்கமும் திறந்த ஆட்டக் கொட்டகைகள். முக்கியமான கொட்டகையின் பெயர்தான் சி ஷார்ப். அதைவிடச் சின்னதாக இன்னொன்று உண்டு, அது சி ஷார்ப் மைனர். ஸ்வரத்தின் பெயர் மாதிரி இருந்தாலும் அது ஒரு ஆளுடைய பெயர். செசில் ஷார்ப். அவரைப் பற்றி அப்புறம் சொல்றேன், சொல்ல நிறைய இருக்கு.

1920களிலிருந்து இந்தக் காட்டில் கோடையானால் ஆட்டம்தான். இங்கிலீஷ் கன்ட்ரி டான்ஸ், ஸ்காட்டிஷ் கன்ட்ரி டான்ஸ், அதற்கான பாட்டும் வாத்தியமும். சனிக்கிழமை போனால் அடுத்த சனிக்கிழமை வரை காலையில் வகுப்பு, மதியம் வகுப்பு, ராத்திரி ஆட்டம். நடுவில் சாப்பாடு, குளத்தில் நீச்சல்.

என்னை இழுத்துப் போனது எங்கள் டீமில் டெஸ்டிங் பார்க்கிற ஒரு அம்மா. அறுபதைத் தாண்டியவர். மீட்டிங்கில் உட்கார்ந்தால் மேஜைக்கு அடியில் கால் இரண்டும் ஏதோ செய்துகொண்டே இருக்கும். நரம்புக் கோளாறோ என்று பயந்து ஒரு நாள் கேட்டே விட்டேன். "ஸ்ட்ராத்ஸ்பே ஸ்டெப் பழகறேன்" என்றார் சாதாரணமாக. அப்புறம், "நீ ஆடுவியா?"

"ஆடிக்கிட்டிருந்தேன்."

"ஏன் விட்டுட்ட?"

இங்கேதான் மாட்டிக்கிட்டேன். ஒரு நிமிஷம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க. மூணாம் வகுப்பிலிருந்து பரதம் கத்துக்கிட்டேன். ஒன்பதாவது முழுப்பரீட்சை முடிந்த மறுவாரம் சலங்கையை பழைய வேட்டித் துணியில் சுற்றி பரண்மேல் வைத்தாயிற்று. அடுத்தது பத்தாவது இல்லையா. மேத்ஸ் டியூஷன் சாயங்காலம் ஐந்தரை, டான்ஸ் கிளாஸும் ஐந்தரை. யாரும் யாரையும் திட்டவில்லை, நான் அழுததாகவும் ஞாபகம் இல்லை. எங்கள் தெருவில் நாலு பெண்கள் ஆடிக்கொண்டிருந்தோம். நாலு பேரும் அதே வருஷம், அதே காரணத்துக்காக நிறுத்தினோம். பன்னிரண்டாவது முடிஞ்சதும் திரும்ப ஆரம்பிக்கலாம் என்றார்கள். பிறகு கவுன்சிலிங், இன்ஜினியரிங், கேம்பஸ், ஆன்சைட். பரண் மட்டும் அதே இடத்தில் இருக்கு.

இதையெல்லாம் கேன்டீனில் வைத்து விளக்கினால் அவருக்கு ஒன்றுமே புரியவில்லை. "பரீட்சை ஒரு வருஷம்தானே? அப்புறம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அம்மாவிடம் போனில் சொன்னபோது வந்த கேள்வி வேறு ரகம். "ஏண்டி, தீபாவளிக்கு வாடின்னா லீவு இல்லேன்னே. இப்ப வெள்ளைக்காரங்களோட கும்மியடிக்க மட்டும் ஒரு வாரம் லீவு கிடைக்குதா?" நியாயமான கேள்வி. லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன் :-)

முதல் நாள் காலை ஸ்காட்டிஷ் வகுப்பு. பாதம் வெளிப்பக்கம் திரும்பணும், குதிகால் தரையைத் தொடக்கூடாது, முன்பாதத்தில் நின்று துள்ளணும், இறங்கும்போது சத்தமே வரக்கூடாது. அதற்கென்றே கில்லீஸ் என்று கயிறு கட்டிய மெல்லிய தோல் செருப்பு விற்கிறார்கள். சொல்லிக்கொடுத்தவர் என் காலைப் பார்த்துவிட்டு, "பாதம் நல்லா திரும்புதே, எங்கேயோ கத்துக்கிட்டிருக்க போல" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அரைமண்டி வாழ்க! பத்தே நிமிஷத்தில் அடுத்த கேள்வி: "ஆனா ஏன் தரையை இப்படி அடிக்கிற?"

என்ன செய்ய, ஆறு வருஷம் தட்டடவு போட்ட கால். நமக்கு சத்தம் வரலைன்னா அடி தப்பு. இவங்களுக்கு சத்தம் வந்தா தப்பு. மூணு நாள் ஆச்சு காலுக்கு இதைப் புரிய வைக்க. தாளம் மட்டும் சட்டுனு பிடிபட்டது. ஜிக் என்பது ஆறு எட்டு, அதாவது தகிட தகிட. ரீல் தகதிமி தகதிமி. ஸ்ட்ராத்ஸ்பே மெதுவாக, ஒரு சொடுக்கு சொடுக்கி இழுத்துக்கொண்டு போகும். நான் வாய்க்குள்ளே சொல்லுக்கட்டு முணுமுணுப்பதைப் பார்த்து பக்கத்தில் இருந்தவர் அது என்ன மந்திரம் என்று கேட்டார்.

இங்கிலீஷ் ஆட்டத்தில் ஸ்டெப் பெரிய விஷயம் இல்லை, கிட்டத்தட்ட நடைதான். அங்கே விஷயம் கோலம். இரண்டு வரிசை எதிரெதிரே நிற்கும், ஜோடி ஜோடியாக. முதல் ஜோடியும் இரண்டாம் ஜோடியும் சேர்ந்து ஒரு சுற்று ஆடி முடித்தால் அவர்கள் இடம் மாறியிருப்பார்கள். முதல் ஜோடி ஒரு படி கீழே, இரண்டாம் ஜோடி ஒரு படி மேலே. அடுத்த சுற்றில் புது ஜோடி. வரிசையின் கோடிக்குப் போனதும் ஒரு சுற்று சும்மா நின்றுவிட்டு, திரும்பி எதிர்த்திசையில் உள்ளே வரணும். நாலாவது சுற்றில்தான் எனக்கு மண்டையில் பல்பு எரிந்தது. அடப்பாவிகளா, இது பபிள் சார்ட் ஆச்சே! ஒப்பிடுவது மட்டும் கிடையாது, வெறும் ஸ்வாப். (2011ல் ருமேனியாவின் சாபியென்ஷியா பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஹங்கேரிய நாட்டுப்புற ஆட்டத்தை வைத்தே பபிள் சார்ட்டை ஆடிக் காட்டி வீடியோ போட்டார்கள். பார்க்காதவர்கள் தேடிப் பாருங்க.) மூணு பேர் ஒருத்தரை ஒருத்தர் வளைந்து வளைந்து எட்டு வடிவத்தில் போவதற்கு ஹே என்று பெயர். ஸ்காட்லாந்துக்காரர்கள் அதையே ரீல் ஆஃப் த்ரீ என்கிறார்கள். பின்னல் கோலாட்டம் பார்த்தவர்களுக்கு உடனே புரியும், கயிறு மட்டும் இல்லை.

இந்த ஆட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீங்க. 1995ல் வந்த பிபிசியின் ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ் தொடரில் டார்சியும் எலிசபெத்தும் முறைத்துக்கொண்டே ஆடுவார்களே, அது மிஸ்டர் பெவரிட்ஜஸ் மேகட். மேகட் என்றால் புழுதான், ஆனால் அந்தக் காலத்தில் மனசில் திடீரென்று தோன்றும் கிறுக்குக்கும் அதே சொல். அந்த ஆட்டம் அச்சானது 1695ல், நாவல் வந்தது 1813ல். அதாவது டார்சி ஆடியது அவருடைய கொள்ளுத் தாத்தா காலத்து ஆட்டம். படம் எடுத்தவர்களுக்கு அழகாக இருந்தது, ஆட வைத்துவிட்டார்கள். நான் குறை சொல்ல மாட்டேன். ஆடிப் பார்த்தபோது எனக்கும் அதுதான் ரொம்பப் பிடித்தது.

சரி, செசில் ஷார்ப். 1899 டிசம்பர் 26, ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் ஹெடிங்டன். லண்டனில் பாட்டு வாத்தியாரான ஷார்ப் கிறிஸ்துமஸுக்கு மாமியார் வீட்டில் இருக்கிறார். வெளியே உள்ளூர் ஆட்கள் வெள்ளை உடுப்பில், காலில் மணிகளைக் கட்டிக்கொண்டு ஆடுகிறார்கள். மாரிஸ் என்னும் ஆட்டம் அது. வழக்கமாக ஆடும் பருவமே இல்லை அது. பனியில் கட்டட வேலை நின்றுபோய் கையில் காசில்லாததால் வெளியே வந்தவர்கள். கான்செர்டினா வாசித்த வில்லியம் கிம்பர் என்ற கொத்தனாரை மறுநாள் வரச்சொல்லி மெட்டுகளை எழுதிக்கொண்டார் ஷார்ப். அங்கே ஆரம்பித்தது. 1911ல் இங்கிலீஷ் நாட்டுப்புற ஆட்டச் சங்கம், 1915ல் அதன் அமெரிக்கக் கிளை. கிளைக்குத் தோள் கொடுத்த பாஸ்டன் சீமாட்டி ஹெலன் ஸ்டாரோவின் இடம்தான் இந்தப் பைன் காடு. பிறகு அது, ஷார்ப் அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்த லில்லி ராபர்ட்ஸ் என்ற ஆசிரியைக்கும் அவர் கணவருக்கும் போய்ச் சேர்ந்தது.

இன்னொரு பக்கம், ஜான் பிளேஃபோர்டு என்ற லண்டன் புத்தக வியாபாரி 1651ல் போட்ட புத்தகத்தில் 105 ஆட்டங்களுக்குக் குறிப்பு இருந்தது. மெட்டு இருக்கும், கீழே தந்தி மாதிரி நாலு வரி இருக்கும். கமெண்டே இல்லாத பழைய கோடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதை உட்கார்ந்து படித்து, இதன் அர்த்தம் இதுதான் என்று ஷார்ப் தீர்மானித்தார். இப்போது ஆடுவதில் எவ்வளவு 1651, எவ்வளவு ஷார்ப் என்பதற்கு இன்னும் சண்டை நடக்குது.

அந்தச் சண்டை அப்போதே இருந்தது. லண்டனில் தையல் வேலை செய்யும் ஏழைப் பெண்களுக்காக மேரி நீல் ஒரு கிளப் நடத்தினார். 1905ல் அந்தப் பெண்களுக்கு மாரிஸ் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். அவர்கள் ஆடினார்கள், ஊர் ஊராகப் போய் மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தார்கள். முதலில் கூட நின்ற ஷார்ப், பிறகு ஆட்டத்தின் சுத்தம் கெடுகிறது என்று பிரிந்துபோனார். சந்தோஷமாக ஆடுவதா, சரியாக ஆடுவதா? 1930களில் சென்னையில் பரதத்தைச் சுற்றி நடந்த வாதங்களைக் கொஞ்சம் படித்தவர்களுக்கு இந்த வாசனை தெரியும். சுத்தம் என்ற சொல் வந்தாலே, யாரை வெளியே தள்ளப் போகிறார்கள் என்று பார்க்கத் தோணுது எனக்கு.

ஜெயித்தது ஷார்ப். ஆனால் 1916ல் போர்க்களத்தில், அவர் தேர்ந்தெடுத்த மாரிஸ் குழுவிலிருந்து நாலு பேர் செத்துப்போனார்கள். இசையமைப்பாளர் ஜார்ஜ் பட்டர்வொர்த் அதில் ஒருவர். ஆண்கள் ஆட்டம் என்று சொல்லப்பட்டதைப் போர்க்காலத்தில் தூக்கிப் பிடித்ததில் பெரும்பங்கு பெண் ஆசிரியைகளுடையது. அப்படியிருந்தும் 1934ல் தொடங்கிய மாரிஸ் ரிங் அமைப்பு பெண்கள் இருக்கும் குழுக்களைச் சேர்த்துக்கொள்ள 2018 வரை ஆனது. நல்லா இருக்கு நியாயம்.

புதன்கிழமை மதியம் மாரிஸ் வகுப்புக்குச் சும்மா எட்டிப் பார்க்கத்தான் போனேன். ஒருவர் மணி கோர்த்த தோல் பட்டையை நீட்டி, கட்டிக்கோ என்றார். முழங்காலுக்குக் கீழே கட்டணும், நம்ம சலங்கை மாதிரி கணுக்காலில் இல்லை. கட்டி எழுந்து நின்று ஒரு காலைத் தட்டினேன்.

பதிமூணு வருஷம் கழிச்சு காலில் மணி.

அந்த வகுப்பில் யாரும் சத்தம் வரக்கூடாது என்று சொல்லவில்லை. அதைத் தவிர அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி எழுதத் தெரியலை.

ராத்திரி சிக்னல் கிடைக்கும் இடம் தேடி சாலை வரைக்கும் நடந்துபோய் அம்மாவுக்குப் போன் போட்டேன். அங்கே காலை. "அம்மா, என் சலங்கை இன்னும் பரண்ல இருக்கா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "தோலு மக்கிப்போச்சுடி. ரெண்டு வருஷம் முன்னாடி பெயின்ட் அடிக்கறப்ப எடுத்துப் பார்த்தேன். மணியை மட்டும் பிரிச்சு புளி போட்டுத் தேய்ச்சு ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு வெச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா என்னடி. தூக்கிப் போடவா முடியும்?"

அம்மா பரீட்சை வருஷத்தைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. புளி போட்டுத் தேய்த்ததை மட்டும் நினைத்துக்கொண்டே இருட்டில் திரும்பி நடந்தேன். டார்ச் லைட் கொண்டுபோக மறக்காதீங்க, காட்டுப் பாதையில் வேர் தடுக்கும்.

வியாழன் ராத்திரி ஆடிய ஒரு ஸ்காட்டிஷ் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லியே ஆகணும். ரீல் ஆஃப் தி 51ஸ்ட் டிவிஷன். 1940 ஜூனில் பிரான்சின் செயின்ட் வலேரி என்ற இடத்தில் 51வது ஹைலேண்ட் டிவிஷன் ஜெர்மானியர்களிடம் சரணடைந்தது. பிடிபட்ட அதிகாரிகளை லாஃபன் என்ற ஊரில் சிறை முகாமில் வைத்தார்கள். அங்கே ஜிம்மி அட்கின்சன் என்ற லெப்டினன்ட் உருவாக்கிய ஆட்டம் இது. நடுவில் ஆடுபவர்கள் மூலைக்கு மூலை கை கோர்த்து நிற்பார்கள், மேலேயிருந்து பார்த்தால் பெருக்கல் குறி. ஸ்காட்லாந்துக் கொடியில் இருக்கும் புனித ஆண்ட்ரூ சிலுவை அது, அந்த டிவிஷனுக்கான மரியாதை. முகாமில் பெண்கள் ஏது, முதலில் ஆடியது முழுக்க ஆண்கள். 1945ல் ஸ்காட்டிஷ் கன்ட்ரி டான்ஸ் சங்கம் தன் புத்தகத்தில் சேர்த்தது. (1923ல் கிளாஸ்கோவில் ஜீன் மில்லிகன், இசபெல் ஸ்டூவர்ட் என்ற இரண்டு பெண்மணிகள் ஆரம்பித்த சங்கம். 1951ல்தான் ராயல் பட்டம்.) முகாம் என்ற சொல்லுக்கு நம்ம மொழியில் சந்தோஷமான அர்த்தம் குறைவு. அகதி முகாம், தடுப்பு முகாம் என்றே கேட்டுப் பழகிவிட்டோம். கம்பிவேலிக்குள்ளே, பசியில், அடுத்த மாதம் என்ன ஆகும் என்று தெரியாத ஆட்கள் மூலைக்கு மூலை கை நீட்டி அளவு சரிபார்த்திருக்கிறார்கள். அந்தப் பெருக்கல் குறியில் என் கையைப் பிடித்தவர் ஒரு ரிட்டயர்டு பல் டாக்டர். நல்ல பிடி :-)

இங்கே பார்வையாளர்கள் கிடையாது, எனக்கு ரொம்ப விசித்திரமாக இருந்தது அதுதான். மேடை இல்லை, முன்வரிசை நாற்காலி இல்லை, போட்டோ எடுக்கும் மாமா இல்லை. வந்தவர்கள் எல்லாரும் ஆடுவார்கள், ஆடாதவர்கள் வாசிப்பார்கள், இரண்டும் முடியாதவர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த ஆட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம். ஆண், பெண் என்ற கணக்கும் தளர்ந்து வருது. இங்கிலீஷ் ஆட்டத்தில் பல இடங்களில் முதல் ஜோடி, இரண்டாம் ஜோடி, இந்த மூலை, அந்த மூலை என்று இடத்தை வைத்தே சொல்கிறார்கள். இரண்டு பேர் தொடாமல் கண்ணைப் பார்த்தபடி ஒருத்தரை ஒருத்தர் சுற்றும் அசைவுக்கு ஜிப்ஸி என்று பெயர் இருந்தது. ரோமா மக்களை இழிவாகக் குறிக்கும் சொல் என்பதால் பலர் அதை விட்டுவிட்டார்கள். பழைய ஆள் ஒருவர் சாப்பாட்டு மேஜையில் இதற்குச் சலித்துக்கொண்டார், மறுநாள் காலை புதுப் பெயரிலேயே சரியாக ஆடினார்.

கண்ணைப் பார்ப்பது பற்றி ஒரு வார்த்தை. இது கட்டாயம். எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்தால் தலை சுற்றாது, வழியும் தப்பாது. இருபத்தெட்டு வயது வரை தெரியாத ஆளின் கண்ணைப் பார்க்காதே என்றே வளர்க்கப்பட்ட எனக்கு முதல் இரண்டு நாள் தரையில்தான் பார்வை. மூணு முறை மோதினேன்.

மோதலிலிருந்து என்னை மீட்டவர் ஒரு பாட்டி. எண்பது இருக்கும். வாரம் முழுக்க என்னிடம் ஐந்து முறை அறிமுகம் செய்துகொண்டார். ஒவ்வொரு முறையும் அதே சிரிப்பு, அதே கேள்வி: "எந்த ஊரும்மா? இதான் முதல் தடவையா?" ஞாபக மறதி என்று கூட வந்த மகள் மெதுவாகச் சொன்னார். சாப்பாட்டுக் கொட்டகைக்கு வழி தெரியாது அவருக்கு. ஆனால் மெட்டு ஆரம்பித்துவிட்டால் போதும். ஒரு ஆட்டத்தில் நான் எங்கே திரும்புவது என்று முழிக்க, சரியான தாளத்துக்கு ஒரு அட்சரம் முன்னாடி வலது கையை நீட்டி, என்னைப் பிடித்துச் சுற்றி, சரியான இடத்தில் விட்டுவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். ஒரு முறை கூட அவர் வழி தப்பவில்லை. ஆட்டம் முடிந்ததும் வந்து, "எந்த ஊரும்மா? இதான் முதல் தடவையா?"

அந்த முகாமில் தலைகளைப் பார்த்தால் நரைதான் அதிகம். என்னைப் போன்ற நிறத்தில் விரல்விட்டு எண்ணலாம். ஒரு வாரக் கட்டணமும் கொஞ்ச நஞ்சம் இல்லை. அடுத்த முப்பது வருஷத்துக்கு ஆள் எங்கிருந்து வரும் என்ற கவலை அவர்களுக்கு இருக்கு. மறைக்கவில்லை. புதிதாக வருபவர்களைக் கொஞ்சம் அதிகமாகவே தாங்குவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

கடைசியாக வாத்தியம். ராத்திரி ஆட்டம் முடிந்த பிறகு வயலின், கான்செர்டினா, புல்லாங்குழல் என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து வாசிப்பார்கள். இங்கே வயலினை ஃபிடில் என்கிறார்கள். எங்கள் ஊரிலும் பழைய தலைமுறை பிடில் என்றுதான் சொல்வார்கள் என்றேன். நம்பவில்லை. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய வாசிப்பாளரிடம் கற்றுக்கொண்டு கர்நாடக சங்கீதத்துக்கு அதைக் கொண்டுவந்த கதையைச் சொன்னேன். அப்படியே நோட்டுஸ்வரத்துக்கும் போனேன். ஆங்கிலேயர் பேண்டு வாத்திய மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் சமஸ்கிருதத்தில் எழுதியவை. இங்கிலாந்து தேசிய கீதத்தின் மெட்டில் ஒன்று உண்டு. லார்டு மெக்டொனால்ட்ஸ் ரீல் மெட்டில் "ஜகதீச குருகுஹ" என்று ஒன்று உண்டு என்றேன்.

ஃபிடில்காரர் ஒன்றும் பேசாமல் வாத்தியத்தைத் தோளில் வைத்து லார்டு மெக்டொனால்ட்ஸ் ரீலை எடுத்தார். படுவேகம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் மெதுவா வாசிங்க என்றேன். வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். தட்டுத் தடுமாறி தாளம் போட்டபடி பாடினேன். எனக்கு நல்ல குரல் கிடையாது, பாதி வரிதான் ஞாபகம், மீதிக்கு ஸ்வரம் மாதிரி எதையோ போட்டு ஒப்பேற்றினேன். இரண்டாவது சுற்றில் பியானோ சேர்ந்துகொண்டது. மூணாவது சுற்றில் அவருக்குப் பொறுமை போய்விட்டது போல, வேகம் ஏறிவிட்டது. எழுந்து இரண்டு பேர் ஆட ஆரம்பித்துவிட்டார்கள்.

யாராவது போவதாக இருந்தால்: ஜோடி தேவையில்லை, தனியாகவே போகலாம். மெத்தென்ற அடிப்பாகம் உள்ள செருப்பு ஒன்று, கொசு மருந்து, டார்ச், இரண்டு துண்டு. சட்டை நிறைய எடுத்துக்கோங்க, ஒரு நாளைக்கு மூணு மாற்ற வேண்டிவரும். சைவச் சாப்பாடு கிடைக்கும், ஆனா காரம் கிடையாது, பருப்புப் பொடி நான் கொண்டுபோனது செவ்வாய்க்கிழமையே தீர்ந்துபோச்சு. பாதியை அந்தப் பல் டாக்டர்தான் சாப்பிட்டார்.